பெரியநாயகி: ஒரு பெயரைச் சுற்றி நாம் செய்யும் தவறுகள்

கடந்த தை மாதம் என் அக்காவின் பேத்திக்குப் பெயர் வைப்பதற்காகக் கடலூர் மஞ்சக்குப்பத்து வீட்டில் கூடியிருந்தோம். 'பெரியநாயகி' என்று வைக்கலாமே என்றேன். குழந்தையின் அப்பா உடனே மறுத்துவிட்டார். "வேண்டாம் அத்தை. பள்ளிக்கூடத்தில் 'பெரிய, பெரிய' என்றே கூப்பிட்டுப் பிள்ளையை அழவைத்துவிடுவார்கள்" என்றார். அவருடைய கவலை பொய்யில்லை. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் என் அக்காவுக்கு நடந்தது அதுதான். எங்கள் ஆயாவின், அதாவது அப்பாவுடைய அம்மாவின், பெயரைச் சுமந்து பள்ளிக்குப் போனவள், ஆறாம் வகுப்பில் கேலி தாங்காமல் 'நாயகி' என்று சுருக்கிக்கொண்டாள்.

'பெரிய' என்றால் உருவத்தில் பெரியது என்று எடுத்துக்கொள்வதுதான் முதல் தவறு. மற்றத் தவறுகள் பெரும்பாலும் இதிலிருந்து கிளைத்தவை. தமிழில் மனிதரோடும் தெய்வத்தோடும் ஒட்டி வரும்போது இந்தச் சொல் அளவைக் குறிப்பதில்லை, மதிப்பைக் குறிக்கிறது. செய்வதற்கு அரியதைச் செய்பவரே பெரியர் என்கிறது குறள். சேக்கிழார் எழுதிய திருத்தொண்டர் புராணத்தைப் பெரியபுராணம் என்கிறோம். பக்கக் கணக்குப் பார்த்து யாரும் அப்படிச் சொல்லவில்லை. விஷ்ணுசித்தர் பெரியாழ்வார் ஆனார். திருவரங்கத்தில் திருமகள் பெரிய பிராட்டியார். 1938 நவம்பரில் சென்னையில் கூடிய பெண்கள் மாநாடு ஈ.வெ. ராமசாமிக்குக் கொடுத்த பட்டம் பெரியார். பெண்கள் கூடி ஓர் ஆணுக்கு மனமுவந்து கொடுத்த சொல்லை ஒரு பெண் குழந்தைக்கு வைக்க நாம் கூசுகிறோம் என்பதை நினைத்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

இந்தச் சொல்லுக்கு 'மூத்த' என்ற பொருளும் உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. பெரியப்பா, பெரியம்மா, பெரியவர் எல்லாம் அந்த வழியில் வந்தவை. விருத்தாசலத்தில் இந்த இரண்டு பொருளும் ஒரே அம்மனிடம் சேர்ந்து நிற்கின்றன. அந்த ஊருக்குத் தேவாரம் வழங்கும் பெயர் முதுகுன்றம். முதிய குன்று என்பதை வடமொழியில் சொன்னால் விருத்தாசலம். சுவாமி பழமலைநாதர், அம்மன் பெரியநாயகி, வடமொழியில் விருத்தாம்பிகை. எங்கள் பக்கத்து மூத்த தலைமுறையில் பழமலை என்ற ஆண்களையும் விருத்தாம்பாள் என்ற பெண்களையும் காணலாம்.

குரு நமசிவாயர் என்ற சிவனடியாரைப் பற்றி அங்கே ஒரு கதை சொல்வார்கள். திருவண்ணாமலையிலிருந்து சிதம்பரத்துக்கு நடந்து போனவர், பசியோடு இரவில் விருத்தாசலத்தில் தங்கினாராம். அம்மனைக் 'கிழத்தி, கிழத்தி' என்று அடுக்கி, சோறு கொண்டுவரச் சொல்லிப் பாடினாராம். கிழத்தி என்றால் உரிமை உடையவள், தலைவி. ஆனால் அம்மன் தள்ளாத கிழவியாகவே வந்து, "நான் கிழவியானால் எப்படி அப்பா சோறும் நீரும் தூக்கி வருவேன்?" என்று கேட்டாளாம். அவர் இளையவளாகப் பாடியதும் இளம்பெண்ணாக வந்து அமுது படைத்தாளாம். அந்தக் கோயிலில் பாலாம்பிகைக்குத் தனிச் சன்னதி இருப்பதற்கு இந்தக் கதையைத்தான் காரணம் சொல்கிறார்கள். 'இது கிழவிப் பெயர்' என்று உதட்டைப் பிதுக்குகிறவர்களுக்கு இந்தக் கதையை நான் தவறாமல் சொல்வேன். தலைவி என்று சொன்னதைக் கிழவி என்று கேட்கும் சிக்கல் அம்மன் காலத்திலேயே இருந்திருக்கிறது.

கடலூர்க்காரர்கள் விருத்தாசலம் வரை போக வேண்டிய அவசியமும் இல்லை. திருப்பாதிரிப்புலியூரில் பாடலீசுவரரோடு இருக்கும் அம்மனும் பெரியநாயகிதான்; தவம் செய்தவள் என்பதால் அருந்தவநாயகி என்றும் பெயர். பண்ருட்டியை ஒட்டிய திருவதிகையில் திரிபுரசுந்தரியைப் பெரியநாயகி என்று அழைக்கிறோம். சீர்காழியில் தோணியப்பரோடு இருப்பவளும் அவளே. நம் பாட்டிமார் இந்தப் பெயரை எங்கிருந்து எடுத்தார்கள் என்று தேட அகராதியைப் புரட்டவேண்டாம், கோயில்களின் வரிசையைப் பார்த்தால் போதும்.

இந்த இடத்தில் பலர் தடுக்கி விழுகிறார்கள். தஞ்சைப் பெரிய கோயிலின் அம்மனும் பெரியநாயகிதான், கோயிலை ராசராசன் 1010இல் முடித்தான், ஆகவே இந்தப் பெயர் அவன் வைத்தது என்று கணக்குப் போட்டுவிடுகிறார்கள். இன்று அங்கே நாம் வணங்கும் அம்மன் கோயில், பாண்டியர் காலத்தில், 13ஆம் நூற்றாண்டில் எழுந்தது. கோயில்களில் அம்மனுக்கென்று தனிச் சன்னதி எழுப்பும் வழக்கம் பரவியதே பிற்காலச் சோழர் காலத்தில்தான். கோயிலின் வயதை அப்படியே பெயரின் வயதாக எழுதிவிடக் கூடாது. அதேபோல் பெரியாயி, பெரியாச்சி என்ற பெயர்களைப் பெரியநாயகியின் சுருக்கம் என்று சொல்வதையும் கேட்டிருக்கிறேன். பெரியாச்சி பிள்ளைப்பேற்றோடு சேர்த்து வணங்கப்படும் உக்கிரமான தெய்வம். அந்த வழிபாடு வேறு, கதை வேறு.

பெயரை வைத்து மதத்தைத் தீர்மானிப்பது அடுத்த தவறு. மற்ற ஊர்களைவிட நம் மாவட்டத்தில் அது கூடுதலான தவறு. விருத்தாசலம் பக்கம் கோணான்குப்பத்தில் பெரியநாயகி மாதா கோயில் இருக்கிறது. 1680இல் இத்தாலியில் பிறந்து இங்கே வந்து வீரமாமுனிவர் ஆன பெஸ்கி எழுப்பிய கோயில் அது. மாதா அங்கே தமிழ்ப் பெண்ணாகச் சேலை உடுத்தி நிற்கிறாள். மரியாளின் கணவர் சூசையப்பரைத் தேம்பாவணிக் காப்பியத்தில் 'வளன்' என்று தமிழாக்கியவர் அவர். மரியாளுக்கு எந்தப் பெயர் பொருந்தும் என்று யோசித்தபோது, அந்த வட்டாரத்து மக்கள் வாயில் ஏற்கெனவே இருந்த பெயரை எடுத்துக்கொண்டார் என்றுதான் நான் நினைக்கிறேன். அதற்குப் பிறகு இந்தப் பெயர் இரு வீட்டிலும் வளர்ந்தது. பெரியநாயகி என்றதும் கோயில் பிரசாதத்தை நீட்டுவதோ, புதுச்சேரி என்றதும் கிறித்தவர் என்று முடிவு கட்டுவதோ வேண்டாம். இரண்டும் எங்கள் ஆயாவுக்கு நடந்திருக்கின்றன.

ஆயா பிறந்தது புதுச்சேரியில், பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில். அவருடைய பிறப்புப் பதிவைத் தேடியபோது, மூதாதையர் பெயரைத் தேடுகிறவர்கள் எங்கெங்கே வழி தவறுவார்கள் என்று கண்கூடாகப் பார்த்தேன். இன்றைய ஆங்கில எழுத்துக்கூட்டலை வைத்துக்கொண்டு பிரெஞ்சுப் பதிவேட்டில் தேடினால் பெயர் தப்பிவிடும். அவர்கள் 'உ' ஒலிக்கு ஓ, யு என்ற இரண்டு எழுத்துகளைச் சேர்ப்பார்கள். 'ஜ' ஒலிக்கு ஜே எழுத்தின் முன்னால் ஒரு டி போடுவார்கள். மெய்யெழுத்தில் முடியும் பெயரின் கடைசியில் ஓர் ஈ (e) எழுத்து ஒட்டிக்கொள்ளும். சுப்பராயன் அங்கே 'சுப்பராயனே' என்று யாரோ விளிப்பதுபோல் நிற்பான். பெரியநாயகமும் அப்படித்தான்.

ஆம், பெரியநாயகம். பழைய ஆவணங்களில் 'பெரியநாயகம்' என்று கண்டதும் ஆண் என்று முடிவுசெய்து அடுத்த பக்கத்துக்குப் போய்விடாதீர்கள். மங்களம், பார்வதம், அன்னபூரணம் போல 'அம்' ஈற்றில் முடியும் பெண் பெயர்கள் அந்தக் காலத்தில் இயல்பு. பெரியநாயகத்தம்மாள் என்று அம்மாள் சேர்ந்திருந்தால் ஐயமில்லை. சேராத இடத்தில் உறவுமுறையையும் சேர்த்துப் படிக்க வேண்டும். 1881 செப்டம்பரில் வந்த பிரெஞ்சு ஆணைப்படி, மத, சாதி வழக்கப்படியான பழைய தனிச்சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்ற தமிழ்க் குடும்பங்கள் நிலையான குடும்பப் பெயரை எடுத்துக்கொண்டன. அத்தகைய வீட்டுப் பதிவில் பெயரின் எந்தப் பகுதி குடும்பத்துக்கு உரியது, எந்தப் பகுதி ஆளுக்கு உரியது என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்.

'இந்தப் பெயரை நான் கேட்டதே இல்லை, ஆகவே இது எப்போதும் அரிதுதான்' என்ற முடிவும் சரியில்லை. பேத்தி என்ற சொல்லே பெயர்த்தி, அதாவது பாட்டியின் பெயரைத் தாங்குகிறவள். ஒரு தலைமுறை விட்டு அடுத்த தலைமுறையில் அதே பெயர் திரும்பும். ஆனால் மாமியார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது என்ற வழக்கமும் கூடவே இருந்தது. என் அம்மா ஐம்பது ஆண்டுகள் மருமகளாக இருந்தும் 'பெரியநாயகி' என்று ஒருமுறைகூட உச்சரித்ததில்லை. ரேஷன் கடையில் கேட்டால் சீட்டில் எழுதிக் காட்டுவார். அப்படிப்பட்டவர், தான் பெற்ற பெண்ணுக்கு அந்தப் பெயர் அமைந்த பிறகு எப்படிக் கூப்பிடுவார்? 'பாப்பா' என்றார். அக்கா இன்றுவரை தெருவுக்கே பாப்பாதான். இப்படி எத்தனை பெரியநாயகிகள் வீட்டில் பாப்பாவாகவும் குட்டியாகவும் இருந்து, சான்றிதழில் மட்டும் முழுப்பெயரோடு வாழ்ந்திருப்பார்கள்! காதில் விழாததால் இல்லை என்று ஆகிவிடாது.

பெயர்ப் புத்தகங்களும் இணையப் பட்டியல்களும் தரும் 'பிரபலம்' என்ற எண்களையும் நம்பாதீர்கள். அமெரிக்காவில் பிறந்த குழந்தைகளின் பெயர்களை எண்ணி ஆண்டுதோறும் அரசு வெளியிடுகிறது. நம்மிடம் அந்த ஏற்பாடு இல்லை. உங்கள் வார்டின் வாக்காளர் பட்டியலை எடுத்துப் பாருங்கள். பெயரும் வயதும் அருகருகே இருக்கும். அறுபதைக் கடந்த பெண்களின் பெயர்களையும் இருபதுகளில் இருப்பவர்களின் பெயர்களையும் ஒப்பிட்டால் ஓரளவு புரியும். பதினெட்டுக்குக் குறைந்தவர்கள் அதில் இல்லை என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

பெயர் குறைந்ததற்குச் சினிமாவைக் குற்றம் சொல்வது எளிது. எனக்கு வேறு ஒன்று படுகிறது. 1916 முதல் மறைமலையடிகள் முன்னெடுத்த தனித்தமிழ் உணர்வு ஊருக்குள் பரவியபோது, 'நாயகி' வடசொல் வழி வந்தது என்பதால் அந்த வீடுகள் இதைத் தவிர்த்தன. கயல்விழியும் தமிழ்ச்செல்வியும் வந்தார்கள். பின்னால் ஷா, ஸ்ரீ என்று முடியும் சிறிய பெயர்கள் வந்தபோது, 'பெரிய' என்ற தமிழ்ப் பகுதி நாட்டுப்புறமாகத் தெரிந்தது. பாதி வடமொழி என்று ஒரு பக்கமும் பாதி தமிழ் என்று மறுபக்கமும் ஒதுக்க, இரண்டும் கலந்து பேசி வாழ்ந்த நம் ஊரின் பெயர் நடுவில் நின்றுவிட்டது.

இனி, பெயர் வைக்க முடிவு செய்தவர்களுக்கு. அக்காவைப் போல் பாதியில் சுருக்க வேண்டாம். அவளுடைய பள்ளிச் சான்றிதழில் பெரியநாயகி, குடும்ப அட்டையில் நாயகி. இரண்டும் ஒருவரே என்று நிரூபிக்கக் கடைசியில் அரசிதழ் வரை போக வேண்டியிருந்தது. கூப்பிடும் பெயரைச் சுருக்கிக்கொள்ளலாம், எழுதும் பெயரை முதல் நாளிலிருந்து ஒன்றாக வைத்திருங்கள். ஆங்கில எழுத்தில் கடைசி அசைக்கு கே எழுத்தா, ஜி எழுத்தா என்பதையும் அன்றே முடிவுசெய்து எல்லா ஆவணத்திலும் அதையே எழுதுங்கள். பிறப்பைப் பதியும்போது பெயர் முடிவாகவில்லை என்றால் அவசரப்பட வேண்டியதில்லை. ஓராண்டுக்குள் கட்டணமின்றியும், அதன்பின் தாமதக் கட்டணத்தோடு பதினைந்து ஆண்டுகள் வரையும் பெயரைச் சேர்க்க வழி இருக்கிறது. பதிந்த பெயரை மாற்றுவதுதான் கடினம்.

எங்கள் வீட்டில் அந்த ஓராண்டில் ஐந்து மாதம் பேச்சிலேயே போனது. மாப்பிள்ளையை நான் வற்புறுத்தவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை குழந்தையைத் தூக்கிக்கொண்டு எல்லோருமாக விருத்தாசலம் போனோம். கொடிமரத்தடியில் உட்கார்ந்து குரு நமசிவாயர் கதையை அக்காதான் சொன்னாள். திரும்பும் வழியில் அவராகவே, "முழுப் பெயரையே எழுதிவிடலாம் அத்தை" என்றார்.

சான்றிதழின் முதல் நகலில் 'பெரியனாயகி' என்று அடித்திருந்தார்கள். இந்தப் பெயரில் அடிக்கடி நேரும் பிழை அது. வாங்கும் இடத்திலேயே படித்துப் பாருங்கள். 'ந' என்ற தந்நகரம்தான் வேண்டும் என்று அக்கா அங்கேயே நின்று திருத்தி வாங்கி வந்தாள். குழந்தையை இப்போது அவள் பாப்பா என்று கூப்பிடுவதில்லை. "என் பெயர்க்காரி" என்கிறாள்.