தைராய்டு மாத்திரை போடுகிறவர்களுக்கு, மருந்துக்கடை கவுன்ட்டரிலிருந்து

மயிலாடுதுறையில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் மருந்தாளுநராக இருக்கிறேன். சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளுக்கு அடுத்தபடியாக நான் அதிகம் எடுத்துக் கொடுப்பது தைராய்டு மாத்திரைதான். வாங்க வருகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். "டோஸ் கூட்டிக்கிட்டே போறாங்கம்மா, டிஎஸ்ஹெச் இறங்கவே மாட்டேங்குது" என்று யாராவது சொன்னால் (டிஎஸ்ஹெச் என்பது ரத்தப் பரிசோதனையில் பார்க்கிற ஒரு அளவு, தைராய்டு ஹார்மோன் குறைந்தால் அது ஏறும்) நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: "காலையில எப்ப போடறீங்க, எப்ப காபி குடிக்கிறீங்க?" பல பேருடைய விஷயத்தில் கோளாறு மாத்திரையின் அளவில் இருக்காது, அதைப் போடுகிற விதத்தில் இருக்கும்.

முதலில் உங்களுடையது எந்த மாத்திரை என்று தெரிந்துகொள்ளுங்கள். "தைராய்டு மாத்திரை" என்று பொதுவாகச் சொன்னால் போதாது. ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு வகை இருக்கின்றன. சுரப்பி சோம்பிப்போனவர்களுக்கு லெவோதைராக்சின். தைரோநார்ம், எல்ட்ராக்சின் எல்லாம் இதுதான். சுரப்பி அளவுக்கு மேல் சுரக்கிறவர்களுக்கு கார்பிமசோல். நியோமெர்க்கசோல் என்ற பெயரில் பலருக்குத் தெரியும். முதல் வகை குறையை நிரப்புகிறது, இரண்டாவது வகை மிகுதியை அடக்குகிறது. அதனால் அண்ணி மாத்திரையை நாத்தனாரும், அக்கா மாத்திரையை தங்கையும் போட்டுப் பார்ப்பது ஆபத்து. தீர்ந்துவிட்டால் சீட்டையோ பழைய பாட்டிலையோ கையோடு கொண்டு வாருங்கள். நிறத்தைச் சொல்லிக் கேட்காதீர்கள்.

லெவோதைராக்சின் நம் உடம்பு தானே செய்கிற டி4 ஹார்மோன்தான். உடம்பு அதை வேண்டியபோது, நேரடியாக வேலை செய்கிற டி3 ஹார்மோனாக மாற்றிக்கொள்கிறது. அளவு மைக்ரோகிராமில் இருக்கும்: 25, 50, 75, 88, 100 என்று. ஒரு மில்லிகிராமில் ஆயிரம் மைக்ரோகிராம். இவ்வளவு சின்ன அளவில் வேலை செய்கிற மருந்து என்பதால், குடலில் கொஞ்சம் குறைவாக உறிஞ்சப்பட்டாலும் ரிப்போர்ட்டில் அது தெரிந்துவிடும். வெறும் வயிற்றில் போட்டாலே முக்கால் பங்கு அளவுக்குத்தான் உள்ளே போகிறது. கூடவே பாலும் காபியும் சேர்ந்தால் அதிலும் குறையும்.

எழுந்ததும் ஒரு டம்ளர் வெறும் தண்ணீரோடு போடுங்கள். அப்புறம் குறைந்தது அரை மணி நேரம், முடிந்தால் ஒரு மணி நேரம், காபி, டீ, பால், கஞ்சி எதுவும் வேண்டாம். இங்கேதான் எல்லோருக்கும் சங்கடம். ஃபில்டர் காபி இல்லாமல் வாசல் பெருக்கக்கூட முடியாது என்கிறவர்களுக்கு நான் சொல்வது, பாட்டிலைத் தலைமாட்டில் வையுங்கள். கண் விழித்ததும் மாத்திரை, பிறகு பல் விளக்கி, வாசல் தெளித்து, கோலம் போட்டுவிட்டு வந்தால் நேரம் சரியாக இருக்கும். அதுவும் முடியாதென்றால் டாக்டரிடம் கேட்டு இரவுக்கு மாற்றிக்கொள்ளலாம். கடைசியாகச் சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழிந்து, படுக்கப் போகும்போது. ரம்ஜான் நோன்பு மாதத்தில் சிலருக்கு இந்த நேரம்தான் வசதியாக இருக்கிறது. ஒரு நேரத்தை முடிவு செய்துவிட்டால் அதை மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள்.

அடுத்தது மற்ற மாத்திரைகளோடு இடைவெளி. இதைச் சீட்டில் எழுதியிருந்தாலும் யாரும் படிப்பதில்லை என்பது என் மனக்குறை. இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம், வயிற்றெரிச்சலுக்குக் குடிக்கிற ஜெலுசில் போன்ற மருந்து, இவை மூன்றும் தைராய்டு மாத்திரையைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். நடுவில் நான்கு மணி நேரம் விடவேண்டும். வயிற்று அமிலத்தைக் குறைக்கிற பான்டோபிரசோல் மாத்திரையைத் தினமும் போடுகிறவர்களுக்கும் உறிஞ்சுவது குறையலாம், டாக்டரிடம் அதைச் சொல்லிவிடுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்கு இரும்பும் கால்சியமும் தருகிறார்கள். அந்தப் பெண்களுக்கு நான் கவர் மேலேயே எழுதித் தருவேன்: விடியற்காலை தைராய்டு, மதியச் சாப்பாட்டுக்குப் பின் இரும்பு, ராத்திரி சாப்பிட்டபின் கால்சியம்.

முட்டைகோஸ், காலிஃபிளவர் தொடவே கூடாதா என்று கேட்காதவர்கள் இல்லை. அயோடின் உப்பு சேர்க்கிற வீட்டில், வேகவைத்து வழக்கமான அளவு சாப்பிட்டால் பயப்பட ஒன்றுமில்லை.

ஒருநாள் மறந்துவிட்டால் பதற வேண்டாம். இந்த மருந்தில் பாதி உடம்பிலிருந்து வெளியேறவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். அன்றைக்கே ஞாபகம் வந்தால் போடுங்கள். மறுநாள்தான் ஞாபகம் வந்தது என்றால் வழக்கமான ஒன்றை மட்டும் போட்டால் போதும். மெதுவாகச் சேர்ந்து மெதுவாக இறங்குகிற மருந்து என்பதால்தான் டோஸ் மாற்றியபின் ஆறிலிருந்து எட்டு வாரம் கழித்து ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்கிறார்கள். பத்து நாளில் ஓடிப்போய் டெஸ்ட் எடுத்தால் காசுதான் செலவு. ரத்தம் கொடுக்கிற அன்று, கொடுத்து முடித்தபின் மாத்திரை போடுங்கள். முடி கொட்டுகிறது என்று பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் லேபிலும் டாக்டரிடமும் சொல்லவேண்டும். அது பரிசோதனை முடிவையே தப்பாகக் காட்டக்கூடும். இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள்.

ரிப்போர்ட் நார்மல் என்றதும் மாத்திரையை நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். மாத்திரை போடுவதால்தான் அது நார்மல். அதேபோல உடம்பு இளைக்கும் என்று நீங்களாகவே கூட்டியும் போடாதீர்கள். படபடப்பு வரும், எலும்பு தேயும், வயதானவர்களுக்கு இதயத் துடிப்பு தாறுமாறாகும். பாட்டிலை அடுப்புப் பக்கமும் ஜன்னலிலும் வைக்காமல், மூடியை இறுக்கி, வெளிச்சம் படாத இடத்தில் வையுங்கள். ஒரு கம்பெனியிலிருந்து இன்னொன்றுக்கு மாறினால் டாக்டருக்குத் தெரியப்படுத்துங்கள்.

மாத்திரை போடுகிற பெண் ஒருத்திக்கு நாள் தள்ளிப்போனால், உறுதியானதும் அந்த வாரமே டாக்டரைப் பார்க்கவேண்டும். முதல் மூன்று மாதம் குழந்தையின் மூளை வளர்ச்சிக்கு அம்மாவின் ஹார்மோன்தான் ஆதாரம். பெரும்பாலானவர்களுக்கு அப்போது அளவைக் கூட்டவேண்டியிருக்கும். "மாசமா இருக்கும்போது மாத்திரை எதுக்கு" என்று வீட்டுப் பெரியவர்கள் நிறுத்தச் சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள்.

பிறவியிலேயே சுரப்பி சரியில்லாத குழந்தைகளுக்கும் இதே மாத்திரைதான். பொடித்து, ஒரு ஸ்பூன் தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ கரைத்து உடனே புகட்டவேண்டும். முழு பாட்டில் பாலில் கலந்தால் குழந்தை மிச்சம் வைத்துவிடும், மருந்தும் மிஞ்சிவிடும். முன்கூட்டியே கரைத்தும் வைக்கக்கூடாது.

கார்பிமசோல் போடுகிறவர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. அபூர்வமாக இந்த மருந்து ரத்தத்தின் வெள்ளை அணுக்களை அபாயகரமாகக் குறைத்துவிடும். முதல் மூன்று மாதத்தில்தான் இது அதிகம். காய்ச்சல், தொண்டை வலி, வாய்ப்புண் வந்தால் சாதாரண சளி என்று விடாமல், அடுத்த மாத்திரையைப் போடாமல், அன்றைக்கே ரத்த அணுக்கள் எண்ணிக்கை பார்க்கவேண்டும். கர்ப்பம் தரிக்க நினைக்கிறவர்களும் முன்கூட்டியே டாக்டரிடம் பேசவேண்டும், ஆரம்ப மாதங்களுக்கு மருந்தை மாற்றுவார்கள். கார்பிமசோல் வாங்குகிற ஒருவர் வீட்டிலிருந்து "தொண்டை வலிக்கு ஏதாவது கொடுங்க" என்று ஆள் வந்தால் நான் எதுவும் கொடுப்பதில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி, போடுகிற மாத்திரையின் பெயரைத் துண்டுச்சீட்டில் எழுதிக் கையில் கொடுத்து அனுப்புவேன்.