எச்சரிக்கை வந்தும் பின்னொளி சிக்காத கதை

ஸ்விஃப்ட் செயற்கைக்கோளின் காமா கதிர் வெடிப்பு எச்சரிக்கை வந்தால் ஒரு நிமிடத்துக்குள் என் தொலைநோக்கி தானாக அந்தப் பக்கம் திரும்பிவிடும், படங்களும் வந்துவிடும். பின்னொளி (வெடிப்புக்குப் பின் மங்கிக்கொண்டே போகும் ஒளி) மட்டும் எதிலும் இல்லை. அதே வெடிப்பை மற்றவர்கள் பிடித்திருந்தார்கள்.

எக்ஸ்போஷரை 30 நொடியிலிருந்து 120 ஆக்கினேன். பிறகு கணினிக் கடிகாரத்தைப் பார்த்தேன், பிறகு மவுண்டின் (தொலைநோக்கியைத் தாங்கித் திருப்பும் பீடம்) குறி பிசகைத் திருத்தும் பாயின்டிங் மாடலை. மூன்று நாள் போனது. குழப்பியது என்னவென்றால், கையால் ஒரு நட்சத்திரத்தைத் தேர்ந்தெடுத்தால் பிசகாமல் நடுவில் வந்து நிற்கும்.

கடைசியில் ஒரு எச்சரிக்கைப் படத்தை பிளேட் சால்வ் செய்தேன், அதாவது அதிலுள்ள நட்சத்திரங்களை வைத்து அது வானத்தில் எந்த இடம் என்று கண்டுபிடித்தேன் (முதல் நாளே செய்திருக்க வேண்டும்). கேட்ட இடத்திலிருந்து சுமார் 20 ஆர்க்மினிட் (ஒரு பாகையில் 60ல் ஒரு பங்கு ஒரு ஆர்க்மினிட்) தள்ளி நின்றிருந்தது. கேமராவுக்குத் தெரிவதே 15தான். அந்த 20தான் காட்டிக்கொடுத்தது. பூமியின் அச்சு தள்ளாடுவதால் ஆயங்கள் (வானத்தில் இடத்தைக் குறிக்கும் எண்கள்) ஆண்டுக்குச் சுமார் 50 ஆர்க்செகண்ட் (60 சேர்ந்தால் ஒரு ஆர்க்மினிட்) நகரும். 2000லிருந்து கணக்குப் போட்டால் அதே அளவு.

ஸ்விஃப்ட் அறிவிப்பில் ஒரே இடத்துக்கு ஜே2000 (2000ஆம் ஆண்டுக் கணக்கிலான ஆயங்கள்), நடப்பு, 1950 என மூன்று வரி இருக்கும். என் ஸ்கிரிப்ட் நடப்பு வரியை எடுத்தது. மவுண்டை இயக்கும் மென்பொருளான டிரைவர் அதை ஜே2000 என்று நம்பி மறுபடியும் திருத்தியது. ஜே2000 வரியை மட்டும் படிக்கவைத்தேன். அடுத்த சோதனையில் விலகல் அரை ஆர்க்மினிட்டுக்குள். அப்பாடா.