மயிலைக் கிளப்ப நாய்க்குட்டியைப் பழக்குவது எப்படி? வீட்டில் கிழட்டு நாய்கள் இருப்பவர்களுக்கு

திருகோணமலையில் தம்பலகாமம் பக்கம் வயல் செய்பவர்களுக்கு மயில் தொல்லையை விளக்கத் தேவையில்லை. 2025 மார்ச் 15ஆம் திகதி காலை எட்டு மணிக்கு இலங்கை முழுக்க ஐந்து நிமிடம் குரங்கு, மயிலை எல்லாம் எண்ணச் சொன்னார்களே, எங்கள் வரம்பில் நின்று எண்ணியிருந்தால் விரல் போதாது. இதுவரை எங்கள் வயலை வீமன், கறுப்பி என்ற இரண்டு நாய்களும்தான் பார்த்துக்கொண்டன. இப்போது வீமனுக்குக் காது மந்தம். கறுப்பிக்குப் பின்னங்கால் பிடித்துக்கொள்கிறது. அதனால் சிட்டு என்று ஒரு லாப்ரடோர் குட்டி வந்து சேர்ந்திருக்கிறது.

லாப்ரடோர், சுட்டு விழுந்த வாத்தைத் தண்ணீரிலிருந்து கவ்விக்கொண்டு வருவதற்கென்று வளர்த்த இனம். பொயின்டர் பறவையின் மோப்பம் பிடித்ததும் அசையாமல் நிற்கும். ஸ்பானியல் புதருக்குள் புகுந்து பறவையைக் கிளப்பும். நமக்கு வேண்டியது ஸ்பானியல் வேலைதான், ஆனால் லாப்ரடோரும் செய்யும். ஒன்றை மறக்காதீர்கள்: மயிலைப் பிடிப்பதும் கொல்வதும் சட்டப்படி குற்றம். ஆகவே நாய் கிளப்ப வேண்டும், கூப்பிட்டதும் திரும்பி வர வேண்டும். அவ்வளவுதான் பாடம்.

ஊசி, வயிற்றுப் பூச்சி மருந்து

மிருக வைத்தியர் தரும் அட்டைப்படி போடுங்கள். வயலுக்குப் போகும் நாய்க்கு எலிக்காய்ச்சல் ஊசி வருடாவருடம் வேண்டும், பழையவைகளுக்கும் சேர்த்துத்தான். குட்டியின் ஊசித் தொடர் முடியும்வரை வயலில் இறக்க வேண்டாம், தூக்கிக்கொண்டு போய்க் காட்டலாம்.

முதல் சந்திப்பு

வீட்டு வாசலில் வைத்து அறிமுகம் செய்யாதீர்கள், அது பழையவர்களின் இடம். ஒழுங்கை முனையிலோ கடற்கரையிலோ, ஒரு நேரத்தில் ஒரு பழைய நாயை மட்டும் கொண்டுபோய், இரண்டு பேர் ஆளுக்கொரு நாயைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் நடவுங்கள். மூஞ்சிக்கு மூஞ்சி கொண்டுபோய் நீட்ட வேண்டாம். நடந்து முடிவதற்குள் மணந்து பார்க்க வேண்டியதை அவையே பார்த்துவிடும்.

உறுமல்

இங்கேதான் பெரும்பாலான வீடுகளில் வேலை கெடுகிறது. கறுப்பி தண்ணீர்த் தாங்கிக்குக் கீழே ஈர மண்ணில் படுத்திருக்கும். சிட்டு போய் வாலைக் கவ்வும். கறுப்பி முதலில் முகத்தை அந்தப் பக்கம் திருப்பும். சிட்டு விடாது. பிறகு உதட்டோரம் லேசாகத் தூக்கும், உடம்பு விறைக்கும், அதன் பிறகுதான் உறுமும். உடனே குசினிக்குள்ளிருந்து அம்மா, "சீ கறுப்பி! சின்னது தானே!" என்று சத்தம் போடுவார்.

அந்தச் சத்தம்தான் ஆபத்து. உறுமினால் ஏச்சு விழுகிறது என்று படித்துக்கொண்ட நாய் அடுத்த தடவை உறுமாது, நேரே கடிக்கும். உறுமல் கேட்டதும் பழைய நாயை ஏசாமல் விட்டுவிடுங்கள், குட்டியைக் கூப்பிட்டு வேறு பக்கம் கொண்டுபோங்கள்.

அத்தோடு பழைய நாய்களுக்குக் குட்டி வர முடியாத ஓர் இடம் கட்டாயம் வேண்டும். நாங்கள் விறாந்தை மூலையைக் கம்பி வலையால் மறித்துப் படலை வைத்திருக்கிறோம். "தாண்டிப் போகிற உயரத்தில் பலகை வை" என்று சிலர் சொல்வார்கள். இடுப்புப் பிடித்த நாயால் எப்படித் தாண்ட முடியும்? படலைதான் சரி. வீமனைப் போலக் காது கேளாத நாய் என்றால் இன்னும் கவனம். தூக்கத்தில் மேலே விழும் குட்டியை யாரென்று பாராமலே கடித்துவிடும். குட்டியின் கழுத்தில் மணி கட்டினாலும் கேட்காத காதுக்கு என்ன பிரயோசனம்? மத்தியானம் பழசுகள் தூங்கும் நேரம் சிட்டு கயிற்றில் நிற்கும். வீமனை எழுப்புவதென்றால் நாங்களே காலால் தரையைத் தட்டித்தான் எழுப்புகிறோம்.

சாப்பாடு: குட்டிக்கு நாலு வேளை, பழசுக்கு இரண்டு வேளை, வேறு வேறு இடத்தில். மூதூரிலிருந்து ஒருவர், குட்டியின் சாப்பாட்டைக் கிழவன் வந்து முடித்துவிடுகிறான் என்று எழுதியிருந்தார். குட்டித் தீன் கொழுப்புக் கூடியது, வயதான நாய் ஊதிப்போகும், மூட்டு வலியும் கூடும். குட்டி தின்னும் வரை பக்கத்தில் நின்று, மிச்சத்தோடு கோப்பையை எடுத்துவிடுங்கள். சோற்றோடு அவித்த சூடை மீன் எல்லாவற்றுக்கும் ஒத்துவரும். அவித்த கோழி எலும்பு எந்த நாய்க்கும் வேண்டாம்.

தனியே பழக்குவது

"பழைய நாயோடு விடு, பார்த்துப் பார்த்துப் பழகும்" என்பது ஊர் வழக்கு. பழகும்தான், மோட்டார் சைக்கிளைத் துரத்துவதையும் சேர்த்து. அதைவிடப் பெரிய சிக்கல், குட்டி உங்களைப் பார்க்காமல் கறுப்பியையே பார்த்துக்கொண்டிருக்கும். கறுப்பி இல்லாத நாளில் வரம்பில் விழித்துக்கொண்டு நிற்கும். அதனால் தினமும் கொஞ்ச நேரமாவது குட்டியைத் தனியே கொண்டுபோக வேண்டும், பழையவற்றைக் கட்டிவைத்துவிட்டு.

கயிறு: மெல்லிய நைலோன் வேண்டவே வேண்டாம், கையை அறுக்கும். வள்ளம் கட்டும் தடித்த கயிற்றில் முப்பது அடி வாங்கினால் போதும். நடுவரின் விசில் ஒன்றும் வேண்டும். கச்சான் காற்று அடிக்கும் காலத்தில் வெட்டையில் கத்தினால் குரல் போய்ச் சேராது, விசில் சேரும். குட்டி உங்கள் பக்கம் ஓடி வரும்போது ஊதுங்கள், வந்ததும் கருவாட்டுத் துண்டு, ஆனால் உப்புப் போகக் கழுவிய கருவாடு. விசிலுக்குத் திரும்பாத குட்டியைக் கயிறில்லாமல் மயிலுக்கு விடாதீர்கள். பல் விழுந்து முளைக்கும் நாலாம், ஐந்தாம் மாதங்களில் எதையும் கவ்வ மறுத்தால் வற்புறுத்தவும் வேண்டாம், ஈறு நோகும்.

வெடிச் சத்தம்

துவக்குச் சத்தத்துக்கு நாயைப் பழக்குவதைப் பற்றி வெளிநாட்டார் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். நமக்கு யானை வெடி, வயலுக்கு வரும் யானையை விரட்டப் போடுவது. குட்டி ஆசையாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, வெகு தூரத்தில் யாரையாவது கோப்பையைத் தட்டச் சொல்லுங்கள். தலை தூக்காமல் தின்றால் அடுத்த கிழமை இன்னும் கிட்ட. காது மடிந்தால், வால் இறங்கினால் திரும்பத் தூரத்துக்கே போங்கள். பக்கத்து வயலில் வெடி போடும் இரவில் குட்டி வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும். மருந்தடிக்கும் நாளிலும் அப்படியே, எந்த நாயும் வயலுக்கு வேண்டாம்.

பழசுகளுக்கு முழு ஓய்வு கொடுத்துவிடாதீர்கள். வெயில் ஏறுமுன் கறுப்பி வாய்க்கால் வரை ஒரு நடை போய் வரும். சிட்டு அந்த நேரம் வீட்டில்.

பின்சேர்க்கை: மூட்டு வலிக்குப் பனடோல் கொடுக்கலாமா என்று பலர் கேட்டுவிட்டார்கள். கொடுக்காதீர்கள். பனடோலும் இபுப்ரோஃபெனும் நாயைக் கொல்லவும் கூடும். நாய்க்கென்றே வலி மருந்து இருக்கிறது, நிறை பார்த்து மிருக வைத்தியர் எழுதித் தருவார். போகும்போது குட்டியையும் கூட்டிப்போனால் உண்ணி மருந்தையும் ஒரேயடியாக வாங்கிவிடலாம்.