மலையகத்தில் செவ்வரத்தை: தண்டு வைப்பது முதல் கவ்வாத்து வரை

தேயிலை வளரும் மண்ணில் செவ்வரத்தையும் வளரும். ஆனால் தேயிலைக்குப் பிடித்த புளிப்பு மண் அதற்கு அவ்வளவாகப் பிடிக்காது. குளிரும் வேரடியில் தேங்கும் ஈரமும் அறவே ஆகாது. பதுளை, கண்டிப் பக்கம் எந்த நிறமும் நன்றாகப் பூக்கும். 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரி உறைபனி தளிரைக் கருக்கிவிடும். அங்கே காலை வெயில் விழும் சுவரோரம்தான் இடம். அடுக்குப் பூ, மஞ்சள் பூ என்று ஆசைப்படாமல் ஐந்து இதழ் பழைய சிவப்பையே வையுங்கள். தாங்கி நிற்பது அதுதான்.

தண்டைப் பார்த்து எடுப்பதில்தான் பாதி வேலை. பச்சை நுனி அழுகும், முற்றிய கட்டை வேர்விடப் பிந்தும். பென்சில் தடிப்பில், பச்சை மாறிப் பழுப்பு ஏறத் தொடங்கிய வாதை ஆறு அங்குலத்துக்கு வெட்டுங்கள். அடியைக் கணுவுக்குச் சற்றுக் கீழே சரிவாகவும் தலையை நேராகவும் வெட்டினால் தலைகீழாக நடும் தவறு வராது. மேலே இரண்டு இலை போதும், அவற்றையும் பாதியாக நறுக்குங்கள். மொட்டு இருந்தால் கிள்ளிவிடுங்கள். கழுவிய ஆற்று மணலும் தும்புத்தூளும் சரிபாதி கலந்து பையில் நிரப்பி, குச்சியால் துளையிட்டு, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி நட்டு, பொலித்தீனால் மூடி நிழலில் வையுங்கள்.

பதுளையில் நான்கு முதல் ஆறு கிழமையில் வேர்விடும். குளிர்ந்த உயரங்களில் எட்டுக் கிழமையும் தாண்டும். துளிர் வந்ததைக் கண்டு ஏமாறக்கூடாது: தண்டு தன்னிடம் உள்ள சத்திலேயே இரண்டு இலை விடும், கீழே ஒரு வேரும் இருக்காது. தண்டை விரலால் மெல்ல மேலே இழுங்கள். இழுபட்டுக் கொடுக்காமல் நின்றால்தான் வேர். அடி கறுத்து வழுவழுத்தால் தண்ணீர் கூடிவிட்டது.

நடும் காலம் மலையின் எந்தப் பக்கம் என்பதைப் பொறுத்தது. ஹட்டன், மஸ்கெலியா உள்ள மேற்குப் பக்கம் ஏப்ரல் மழையோடு நட்டால் தென்மேற்கு மழை கொட்டுமுன் செடி கால் ஊன்றிக்கொள்ளும். பதுளை உள்ள ஊவாவில் ஒக்டோபர் சரி. ஒன்றரை அடிக் குழி வெட்டி, மண்ணில் மூன்றில் ஒரு பங்கு கொம்போஸ்ட்டும் ஒரு கைப்பிடி டொலமைட் சுண்ணாம்புத் தூளும் கலந்து, இரண்டு கிழமை ஆறவிட்டு நடுங்கள். சரிவில் செடிக்கு மேற்பக்கம் சிறு கான் எடுத்துத் தண்ணீரைத் திருப்பிவிட வேண்டும். செடியைச் சுற்றிப் பாத்தி கட்டினால் மழைக்காலத்தில் வேர் மூச்சுமுட்டி இலை மஞ்சளாகும். வேலிக்கு இரண்டரை அடி இடைவெளி, தனிச்செடிக்கு ஆறு அடி.

தேயிலைக்குப் போடும் தழைச்சத்து உரத்தை இதற்கும் போட்டால் இலைதான் செழிக்கும், பூ வராது. மாதம் ஒரு கைப்பிடி அடுப்புச் சாம்பல் நல்லது. அது சாம்பல்சத்தும் தரும், புளிப்பையும் குறைக்கும். காய்ந்து கிடந்த செடிக்குத் திடீரென்று நிறையத் தண்ணீர் ஊற்றினால் மொட்டு உதிரும்.

பூக்கவில்லை என்பவர்களின் வேலியைப் பார்த்தால், பெரும்பாலும் மாதாமாதம் தேயிலைச் செடிபோல மட்டமாக நறுக்கி வைத்திருப்பார்கள். இந்தச் செடி புதுத் துளிரின் இலைக்கக்கத்தில்தான் மொட்டு வைக்கும். நுனியை வெட்ட வெட்ட மொட்டும் போகிறது. ஆண்டுக்கு ஒரு கவ்வாத்து போதும்: மேற்குப் பக்கம் மார்ச்சில், ஊவாவில் செப்டெம்பரில். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காமல், வெளிப்பக்கம் பார்த்த கணுவுக்கு மேலே வெட்டுங்கள். டிசம்பரில் வெட்டினால் வரும் தளிரைக் குளிர் தின்றுவிடும்.

நுனி சுருண்டு முடிச்சாகி, உள்ளே வெள்ளை மாவு தெரிந்தால் மாப்பூச்சி. அந்த நுனியை வெட்டிப் பையில் கட்டி அகற்றுங்கள். எறும்பு ஊர்ந்தால் அதையும் தடுங்கள். மாப்பூச்சியைக் காப்பது அதுதான். ஒரு லீற்றர் தண்ணீரில் 5 மில்லிலீற்றர் வேப்பெண்ணெயும் சில சொட்டுச் சவர்க்காரத் திரவமும் கலந்து, கிழமைக்கொரு மாலை, மூன்று தரம் தெளியுங்கள்.

பூசைக்குப் பூ வேண்டுமென்றால் மறுநாள் விரியும் மொட்டை முந்தின மாலையே பறிக்கலாம்; தண்ணீரில் வைக்காமலே விரியும். தலைக்கு, பதினைந்து இலையைத் தண்ணீரில் கசக்கினால் வரும் வழுவழுப்பை வடித்துத் தேய்த்துக் குளியுங்கள். எண்ணெய்க்கு, நிழலில் உலர்த்திய பத்துப் பூவை 250 மில்லிலீற்றர் தேங்காயெண்ணெயில் இளந்தீயில் காய்ச்சுங்கள். சடசடப்பு அடங்கிய பிறகே இறக்க வேண்டும். ஈரம் மிஞ்சினால் போத்தலுக்குள் பூஞ்சணம் பிடித்துவிடும்.