'சைல்டு' என்றால் எத்தனை வயது வரை?

நம் வீடுகளில் கல்லூரிக்குப் போகிறவனும் பிள்ளைதான், தாடி நரைத்தவனும் பிள்ளைதான். இங்கிலாந்தில் அவ்வளவு தாராளம் கிடையாது. பிள்ளைகளைக் குறிக்கும் ஒவ்வொரு சொல்லோடும் ஒரு வயது ஒட்டிக்கொண்டிருக்கும்; அந்த வயதைப் பொறுத்தே கட்டணமும் சலுகையும் சட்டமும். போதாக்குறைக்கு ஒவ்வொரு அலுவலகமும் தன் வசதிக்கு ஒரு வயதை வைத்திருக்கிறது. நல்ல ஆங்கிலம் தெரிந்தவர்களும் இங்கே வந்த புதிதில் தடுமாறுவது இதில்தான்.

நீங்கள் வந்த விமானத்தில் 'இன்ஃபன்ட்' என்றால் 2 வயது நிறையாத கைக்குழந்தை. அந்த நினைப்பில் 'இன்ஃபன்ட் ஸ்கூல்' என்ற பலகையைப் பார்த்துக் குழந்தைகள் காப்பகம் என்று கடந்துவிடாதீர்கள். ரிசப்ஷன், இயர் 1, இயர் 2 என்ற மூன்று வகுப்புகள், அதாவது 4 வயதிலிருந்து 7 வயது வரை படிக்கும் பள்ளி அது. அதன்பின் 11 வயது வரை 'ஜூனியர்'. இரண்டும் சேர்ந்திருந்தால் பிரைமரி ஸ்கூல், கவலையில்லை. தனித்தனிப் பள்ளிகள் என்றால், இன்ஃபன்ட் பள்ளியில் படிக்கும் பிள்ளை தானாக ஜூனியருக்குப் போய்விடாது. இயர் 2 படிக்கும்போதே, ஜனவரி 15-க்குள், கவுன்சில் எனப்படும் உள்ளாட்சி மன்றத்துக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். பக்கத்துக் கட்டடம்தானே என்று சும்மா இருந்துவிட்டால் இடம் வேறு யாருக்காவது போய்விடும். இங்கிலாந்தின் அரசுப் பள்ளிகளில் இன்ஃபன்ட் வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் 2014 முதல் மதிய உணவு இலவசம்; பெற்றோரின் வருமானத்தைப் பார்ப்பதில்லை.

யு.கே.ஜி. முடித்த சான்றிதழையும் ரேங்க் கார்டையும் பத்திரமாகக் கொண்டுவந்திருப்பீர்கள். இங்கே பொதுவாகப் பிறந்த தேதியை வைத்துத்தான் வகுப்பை முடிவு செய்கிறார்கள். ஆகஸ்ட் 31-க்குள் 4 வயது நிறைந்துவிட்டால் அந்தச் செப்டம்பரிலேயே ரிசப்ஷனில் சேரலாம். ஆகஸ்ட் 31-ல் பிறந்த குழந்தை வகுப்பிலேயே கடைக்குட்டி. ஒரு நாள் தள்ளிப் பிறந்திருந்தால் அடுத்த ஆண்டு சேரும் வகுப்பில் எல்லோருக்கும் மூத்தது.

பள்ளிக்கு முந்தைய வயதுக்கு 'டாட்லர்' என்பார்கள், தத்தித் தத்தி நடக்கும் பருவம். நூலகங்களிலும் சர்ச் மண்டபங்களிலும் நடக்கும் 'டாட்லர் குரூப்' பெரும்பாலும் அம்மாவோ அப்பாவோ கூடவே உட்கார்ந்திருக்க வேண்டிய இடம். விட்டுவிட்டு வேலைக்குப் போவதற்கு நர்சரியோ, வீட்டில் வைத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும், பதிவு பெற்ற சைல்டுமைண்டரோ வேண்டும்.

இனி 'சைல்டு'. ரயிலில் 5 வயது நிறையாதவர்களுக்கு டிக்கெட் வேண்டாம். 5 முதல் 15 வரை சைல்டு, பாதிக் கட்டணம். பதினாறாவது பிறந்தநாள் அன்றே ரயில்வேயின் கணக்கில் ஆள் பெரியவராகிவிடுகிறார். 16, 17 வயதினருக்கென்று உள்ள சேவர் அட்டையை வாங்கினால் பெரும்பாலான ரயில்களில் பாதிக் கட்டணம் தொடரும். மருந்துச் சீட்டுக்கு 16 வயது நிறையும் வரை கட்டணம் இல்லை, முழுநேரமாகப் படித்துக்கொண்டிருந்தால் 19 நிறையும் வரை இல்லை. என்.எச்.எஸ். என்ற அரசு மருத்துவச் சேவையின் பல் மருத்துவத்துக்கோ 18. காரில் சிறுவர் இருக்கை 12 வயது வரை அல்லது 135 செ.மீ. உயரம் வரை, எது முதலில் வருகிறதோ அதுவரை கட்டாயம். 1989-ஆம் ஆண்டின் சிறுவர் சட்டத்துக்கு 18 நிறையாத எல்லோரும் சைல்டு. ஆக, பதினாறு வயதுப் பெண் ரயிலில் பெரியவள், பல் மருத்துவரிடம் சின்னவள். எனவே எந்தக் கவுண்டரிலும் "சைல்டுக்கு எவ்வளவு?" என்று கேட்காமல் பிள்ளையின் வயதைச் சொல்லிக் கேளுங்கள்.

'சைல்டு பெனிஃபிட்' என்ற உதவித்தொகையைப் பற்றி யாராவது சொன்னதும் விண்ணப்பத்தை நிரப்பிவிடாதீர்கள். பொது நிதி உதவி பெறக்கூடாது என்று உங்கள் விசாவில் நிபந்தனை இருந்தால் அதைக் கேட்பது விசாவுக்கே வினையாக முடியலாம். அரசுப் பள்ளிக் கல்வி அந்த நிபந்தனைக்குள் வராது, பயப்படாமல் சேர்க்கலாம்.

நம் பெற்றோர்கள் அதிகம் முகம் சுளிப்பது, வளர்ந்த பிள்ளைகளைக் குறிக்கும் 'யங் பர்சன்' என்ற சொல்லைக் கேட்டுத்தான். பதின்ம வயதுப் பிள்ளையை டாக்டரிடம் அழைத்துப் போகிறீர்கள். அவர் உங்களை விட்டுவிட்டுப் பிள்ளையிடமே கேள்வி கேட்கிறார். கொஞ்ச நேரம் வெளியே இருக்கச் சொன்னாலும் சொல்வார். இதில் அவமரியாதை எதுவும் இல்லை. 16 வயதானவர் தன் சிகிச்சைக்குத் தானே சம்மதம் தரலாம். 16 நிறையாதவரும், விஷயத்தை முழுதாகப் புரிந்துகொள்கிறார் என்று மருத்துவர் கருதினால் தரலாம். சிறப்புக் கல்வித் தேவை உள்ள பிள்ளைகளின் விஷயத்தில் 'யங் பர்சன்' 25 வயது வரை நீள்கிறது. கட்டாயப் பள்ளி வயது தாண்டியதும் முடிவெடுக்கும் உரிமை பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குப் போகிறது. கவுன்சிலின் கடிதம் பிள்ளையின் பெயருக்கே வந்தால் காரணம் இதுதான்.

ஊரிலிருந்து நாம் கொண்டுவரும் ஆங்கிலத்திலும் சிலவற்றை மூட்டையிலேயே வைத்துவிடுவது நல்லது. பள்ளிச் சுற்றறிக்கைகளில் 'யுவர் வார்டு' என்று படித்துப் பழகியிருப்போம். இங்கே 'வார்டு' என்றதும் ஆஸ்பத்திரியோ தேர்தல் தொகுதியோதான் நினைவுக்கு வரும். பிள்ளையைச் சொல்கிறோம் என்று புரிந்தாலும், நீதிமன்றத்தின் பாதுகாப்பில் இருக்கும் பிள்ளையோ என்று சந்தேகப்படுவார்கள். "எத்தனை இஷ்யூ?" என்று குழந்தைகளைப் பற்றி விசாரித்தால், உங்களுக்கு என்ன பிரச்சினை என்று திருப்பிக் கேட்பார்கள். 'மைனர்' சட்டச் சொல், 18 நிறையாதவர். நம் ஊர் மைனருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

பேச்சு வழக்கைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். சின்னக் குழந்தைகளைப் பார்க்க வீட்டுக்கு வரும் செவிலியரான ஹெல்த் விசிட்டர் "லிட்டில் ஒன் எப்படி?" என்று கேட்டால் குழந்தையைக் கேட்கிறார். வடக்கே போனால் பையன் 'லாட்', பெண் 'லாஸ்'. ஸ்காட்லாந்தில் 'பேர்ன்', கிளாஸ்கோ பக்கம் 'வெய்ன்'. மான்செஸ்டர்காரர் 'அவர் கிட்' (our kid, 'எங்க பிள்ளை') என்று சொன்னால் தன் பிள்ளையைச் சொல்வதாக எண்ணி எந்த வகுப்பு என்று கேட்டுவிடாதீர்கள். உடன்பிறந்தவரைத்தான் அப்படிச் சொல்கிறார். அந்த ஆளுக்கு ஐம்பது வயதுகூட இருக்கலாம்.