பழைய சீனப் பூச்சாடி விலைக்கு வந்தால் பார்க்க வேண்டியவை

ராமநாதபுரம் கடற்கரையில் கீழக்கரை, தொண்டி, பெரியபட்டினம் பக்கம் எனாமல் வேலைப்பாடுள்ள சீனப் பூச்சாடி விலைக்கு வந்தால் கூடவே ஒரு கதையும் வரும். பினாங்குக்கோ சிங்கப்பூருக்கோ சபர் (கடல்கடந்த பயணம்) போன தாத்தா கொண்டுவந்தது என்பார்கள். இல்லையென்றால் தோண்டும்போது கிடைத்தது, வலையில் சிக்கியது என்பார்கள்.

முதல் கதை நடக்கக்கூடியதுதான். மலாக்கா, பினாங்குச் சீனக் குடும்பங்களுக்காக 19-ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் சீனாவின் பீங்கான் நகரமான சிங்தெசென் சூளைகளில் செய்த, ரோஸும் பச்சையும் கலந்த நோன்யா பீங்கான் அந்த ஊர்க் கடைத்தெருக்களில் புழங்கியது. பீனிக்ஸ் பறவையும் பியோனிப் பூவும் அதன் வழக்கமான சித்திரம்.

இரண்டாவது கதையை ரோஸ் நிறமே கெடுத்துவிடும். பெரியபட்டினத்தில் கிடைத்த சீனப் பீங்கான் உடைசல்களில் பெரும்பாலானவை 13, 14-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. தங்கத்திலிருந்து எடுக்கும் ரோஸ் எனாமல் சீனப் பீங்கானில் ஏறியதோ 1720-களை ஒட்டி. கடலில் கிடந்த ஜாடியில் நிறம் பளிச்சென்று இருக்கவும் வழியில்லை. ஜாடியின் உடல் சுமார் 1,300 டிகிரியில் வெந்தது. எனாமல் அதன் பளபளப்புப் பூச்சுக்கு மேலே தீட்டி 700 முதல் 850 டிகிரிக்குள் மறுபடி சுட்டது. உப்புநீர் முதலில் அரிப்பது இந்த மேல்பூச்சைத்தான். 1752-இல் மூழ்கிய கெல்டர்மால்சன் என்ற டச்சு வணிகக் கப்பலின் பீங்கானில், பளபளப்புப் பூச்சுக்கு அடியில் தீட்டிய நீலம் நின்றது, மேல்நிறங்கள் பெரும்பாலும் போய்விட்டன. மண்ணில் எடுத்தது என்பது உண்மையாகவே இருந்தால் அது வேறு தலைவலி: 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டிய பொருள் அது. வாங்காதீர்கள்.

ஜாடியைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். மோதிரம், வளையலைக் கழற்றி, தரையில் மெத்தென்ற துணி விரித்து, ஒரு கை அடியிலும் ஒரு கை வயிற்றிலும் கொடுத்துத் தூக்குங்கள். கழுத்தைப் பிடித்துத் தூக்கினால் பழைய ஒட்டு கையோடு வந்துவிடும்.

முதலில் கவிழ்த்து அடியைப் பாருங்கள். மற்ற எல்லாவற்றையும்விட அடிவளையம்தான் அதிகம் பேசும். பூச்சில்லாத அந்த விளிம்பு, காலகாலமாக வைத்து எடுத்ததில் வழவழவென்று தேய்ந்திருக்க வேண்டும். பூச்சு முடியும் இடத்தில் மெல்லிய செம்மஞ்சள் கோடு இருந்தால் நல்லது, இல்லாததால் மட்டும் போலி ஆகிவிடாது. தேயிலைச் சாயம் தடவிப் பழசாக்கிய அழுக்கு, வெதுவெதுப்பான நீரும் மெல்லிய பிரஷும் பட்டால் கரையக்கூடும்.

அடுத்து உள்ளே டார்ச் அடியுங்கள். பெரிய பழைய ஜாடியை இரண்டு மூன்று துண்டாக வனைந்து ஒட்டியிருப்பார்கள். வயிற்றிலும் தோளிலும் ஒட்டுவரி தெரியும். வெளியில் மேடு இருக்கும் இடத்தில் உள்ளே பள்ளம், எங்கும் ஒரே தடிமன் என்றால் அச்சில் ஊற்றி வார்த்தது.

நகைக்கடைக்காரர் வைத்திருக்கும் பத்து மடங்கு லென்ஸ் போதும். கைவேலை எனாமல் சற்று மேடாக, தூரிகைத் தடத்தோடு இருக்கும். ஒழுங்கான புள்ளி வரிசை தெரிந்தால் அச்சுப்படம் ஒட்டியது. உண்மையான கீறல்கள் பல திசையில் ஓடும். உப்புத்தாள் தேய்த்தவை ஒரே பக்கம் போகும்.

அடியில் உள்ள முத்திரையை நம்பி விலை ஏற்றாதீர்கள். சீனப் பேரரசர் சியான்லூங்கின் ஆட்சி 1736 முதல் 1795 வரை. அவர் பெயரைப் பின்னால் எத்தனையோ சூளைகள் எழுதின. ஆங்கிலத்தில் ‘சைனா’ என்று இருந்தால், அமெரிக்கச் சுங்க விதி வந்த 1891-க்குப் பிந்தையது என்று எடுத்துக்கொள்ளலாம். அது இல்லாதது பழமைக்குச் சான்றல்ல: அமெரிக்கா போகாத சரக்குக்கு அது தேவைப்படவில்லை.

பழுதைக் கண்டுபிடிக்க விரல் முட்டியால் மெல்லத் தட்டுங்கள். மணி போல ஒலித்தால் சரி, மொத்தென்றால் எங்கோ விரிசல். இருட்டறையில் நோட்டு பார்க்கும் ஊதா விளக்கு அடித்தால் புதுப் பசையும் மறுபூச்சும் சுற்றுப்புறத்திலிருந்து வேறாகத் தெரியும். உடைந்த துண்டுகளைக் கம்பியால் தைத்த பழுதுபார்ப்பு நேர்மையானது. ஆனால் இரும்புக் கம்பி நம் கடற்காற்றில் துருப்பிடித்துப் பருத்து, புது விரிசல் இழுக்கும். வாய் விளிம்பில் பித்தளை வளையம் இருந்தால் அதற்குள் உடைந்த வாயோ, அறுத்த கழுத்தோ இருக்கலாம். மேசை விளக்காக்க அடியில் துளை போட்டிருந்தால் விலையைத் தாராளமாகக் குறையுங்கள். ஜோடியில் ஒன்று மட்டும் வந்தாலும் அப்படியே.

நூறு வருடம் கடந்தது என்றால் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் பொருந்தும். தொழிலாக விற்பவரிடம் உரிமம் கேளுங்கள். வீட்டார் விற்றால் பெயர், முகவரி, ஜாடியின் உயரம், பழுது, படம் எல்லாம் சேர்த்துக் கையெழுத்து வாங்குங்கள். மலேசியாவிலோ துபாயிலோ உள்ள மகனுக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். தனியார் அதை நாட்டுக்கு வெளியே எடுத்துப்போக முடியாது. நூறு வருடம் ஆகாத பொருள் என்று இந்தியத் தொல்லியல் துறையிடம் சான்று வாங்கினால்தான் வழி உண்டு.