இறுதி நாள்களில் துணையிருப்பது எப்படி: டூலாவின் வேலை

பணிவிடை செய்யும் பெண்ணைக் குறித்த கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது 'டூலா'. பிரசவத்தின்போது தாய்க்குத் துணையிருப்பவரை அமெரிக்காவில் இப்பெயரால் அழைத்து வந்தார்கள். அதே துணை இறக்கப்போகிறவருக்கும் கிடைக்க வேண்டும் என்று கருதி, ஹென்றி ஃபெர்ஸ்கோ-வைஸ் என்ற சமூகப் பணியாளர் 2003இல் நியூயார்க்கில் ஒரு பயிற்சித் திட்டத்தைத் தொடங்கினார். நம் ஊர்களில் இது சம்பளம் வாங்கும் தொழிலாக இன்னும் பரவவில்லை என்றாலும், உறவிலோ தெருவிலோ யாரேனும் ஒருவர் இந்த இடத்தில் உட்காரத்தான் செய்கிறார். அப்படி உட்காரப்போகிறவருக்கான குறிப்புகள் இவை.

முதலில் எல்லையைத் தெரிந்துகொள்ள வேண்டும். மாத்திரையின் அளவைக் கூட்டுவது, ஊசி போடுவது, குழாய் மாற்றுவது எதுவும் உங்கள் வேலையன்று. அவை மருத்துவருக்கும் செவிலியருக்கும் உரியவை. தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கும் வலிநிவாரண ஆதரவுச் சிகிச்சையும் உண்டு என்பதால், அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் நோயாளியின் பெயரைப் பதிந்து வைக்கச் சொல்லுங்கள். நீங்கள் செய்யக்கூடியது ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி எழுதி வருவது. வலி எத்தனை மணிக்கு ஏறியது, மார்ஃபின் மாத்திரை கொடுத்தபின் எவ்வளவு நேரம் தாங்கியது, கடைசியாக எப்போது மலம் கழிந்தது என்பவை அதில் இருக்கட்டும். மார்ஃபின் மலச்சிக்கலை உண்டாக்கும். மூன்று நாள் மலம் போகாத வேதனையை நோய் முற்றியதாக எண்ணிக் குடும்பம் கலங்குவதுண்டு.

பேச வேண்டியவற்றை நினைவு தெளிவாக இருக்கும்போதே பேசிவிட வேண்டும். கட்டிலைச் சுற்றி நிற்பவர்களிடம் கேட்காமல் படுத்திருப்பவரிடமே கேளுங்கள். கடைசி நேரத்தில் யார் அருகில் இருக்க வேண்டும், யார் வரக்கூடாது, மூச்சு முட்டினால் மருத்துவமனைக்குப் போக விருப்பமா, வீட்டிலேயே இருக்க விருப்பமா என்பவை முக்கியமான கேள்விகள். 'எல்லாம் சரியாகிவிடும்' என்ற ஒரு வார்த்தை போதும், அவர் வாய் திறக்காமல் போவதற்கு. செயற்கை சுவாசக் கருவி போன்றவை வேண்டாம் என்பவர் அதை முன்கூட்டியே எழுதி வைக்க 2018இல் உச்ச நீதிமன்றம் வழி திறந்தது. 2023இல் நடைமுறையை எளிதாக்கியது. இரண்டு சாட்சிகள் முன் கையொப்பமிட்டு, நோட்டரி அல்லது அரசிதழ்ப் பதிவு பெற்ற அலுவலரிடம் சான்று பெற்றால் போதும்.

வீட்டில் இரவெல்லாம் விழித்திருப்பவர் பெரும்பாலும் ஒரே ஒரு மருமகளோ மகளோதான். உறவினர்களிடம் பேசி முறை வைத்து எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைத்தால்தான் படுக்கைப் புண் வராமல் காக்க முடியும் என்பதையும் அதிலேயே எழுதுங்கள்.

இந்தப் பணியின் சாரம் கடைசி இரண்டு மூன்று நாள்களில் இருக்கிறது. சாப்பாடு வேண்டாம் என்பார், பிறகு தண்ணீரும் வேண்டாம் என்பார். உடல் ஒவ்வொன்றாக வேலையை நிறுத்திக்கொள்வதால் பசி போகிறதே தவிர, சாப்பிடாததால் அவர் இறக்கவில்லை என்பதைக் குடும்பத்துக்கு ஒருமுறைக்கு நான்கு முறை சொல்ல வேண்டியிருக்கும். கைகால் சில்லிடும், முழங்காலில் ஊதாத் திட்டுகள் தெரியும். மூச்சு வேகமாக ஓடி, சற்று நின்று, மறுபடி தொடங்கும். தொண்டையில் எச்சில் தேங்கிக் கொர்கொர் என்ற சத்தம் வரும்; கேட்பவர்களுக்குத்தான் அது கொடுமை, மயங்கிக் கிடப்பவருக்கு அது பெரும்பாலும் உறைப்பதில்லை. ஒருக்களித்துப் படுக்க வைத்தால் சத்தம் குறையும். இவற்றை முன்னதாகவே சொல்லி வைக்காத வீட்டில்தான் நள்ளிரவில் ஆம்புலன்ஸ் வந்து நிற்கிறது.

அப்போது மூத்தவர் ஒருவர் பால் கிண்ணத்துடன் வருவார். கடைசியாகப் பால் ஊற்றுவது நம் வழக்கம். தடுத்தால் காலத்துக்கும் மனத்தாங்கல். ஆனால் விழுங்க முடியாதவர் வாயில் ஒரு கரண்டி பால் போனாலும் புரையேறி மூச்சுக்குழாயில் இறங்கும். ஆகவே சுத்தமான பஞ்சைப் பாலில் நனைத்து, நன்றாகப் பிழிந்து, உதட்டில் மட்டும் தொட்டு வைக்கச் சொல்லுங்கள். பேரப்பிள்ளைகள் வரிசையாக வந்து அப்படித் தொட்டு வைத்ததை நான் பார்த்திருக்கிறேன், யாருக்கும் அதில் குறை தோன்றவில்லை. இடையிடையே ஈரத்துணியால் வாயைத் துடைத்து உதட்டில் தேங்காயெண்ணெய் தடவுங்கள். செவி கடைசிவரை கேட்கக்கூடும் என்பதால் சொத்துப் பேச்சையும் காரியச் செலவுப் பேச்சையும் வாசலுக்கு அனுப்பிவிடுங்கள்.

உயிர் பிரிந்ததும் அவசரப்பட எதுவுமில்லை. அழுகைக்கு இடம் கொடுங்கள். பிறகு பார்த்துவந்த மருத்துவரை அழைத்து இறப்புக்கான காரணச் சான்றிதழைப் பெற நினைவூட்டுங்கள். 21 நாள்களுக்குள் உள்ளாட்சி அலுவலகத்தில் இறப்பைப் பதிய வேண்டும். பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவினர்கள் ஊர் திரும்பியபின் ஒருமுறை போய் வாருங்கள். வாடகைக் கட்டிலைத் திருப்பித் தரவும், மிஞ்சிய மார்ஃபின் மாத்திரைகளைக் கொடுத்த இடத்திலேயே ஒப்படைக்கவும் அந்த மருமகளுக்குத் துணை தேவைப்படும்.